இரண்டு பேருக்கும் போட்ட கையெழுத்து

புள்ளிக்குப் பின்னால் வருகிற பெயர் என்றால் என்ன என்று காரிமங்கலம் சந்தை வியாபாரிகள் சங்கத் தலைவருக்கு விளக்கி முடிக்க எனக்கு மூன்று டீ ஆனது. மூன்றையும் அவரே வாங்கிக் கொடுத்தார். அவர் புளி வியாபாரி. சந்தைத் திடலுக்கு எதிரே அவருடைய குடோன். வந்தவர்களை நிற்க வைத்துப் பேசினார் என்று அந்த ஊரில் ஒருவரும் சொல்ல முடியாது. நாற்காலி இல்லாவிட்டால் புளி மூட்டையைத் தட்டிப் போட்டாவது உட்கார வைப்பார்.

"இன்டர்நெட்டுல ஒரு அட்ரஸ் அடிக்கிறோமில்லீங்களா, கடைசியில புள்ளி வெச்சு 'காம்'னு போடறோம். அந்த எடத்துல இனிமே வேற வார்த்தைங்களும் வரும். வியாபாரத்துக்குன்னே கம்பெனி, ஸ்டோர், ஷாப்புன்னு நெறையப் பேரு கேக்கறாங்க. தமிழ்லயே கேக்கலாம். நாங்க 'சந்தை'ங்கற வார்த்தைய கேக்கப் போறோம். கெடச்சா, உங்க ஆளுங்க ஒவ்வொருத்தரும் அவங்க பேரைப் போட்டு, புள்ளி வெச்சு, சந்தைன்னு முடிக்கலாங்க."

அவர் கண்ணை மூடி யோசித்தார். "பஸ்ஸுல சன்னல் வழியா துண்டு போட்டு சீட்டு புடிக்கறாப்புலன்னு சொல்லுங்க."

"அதேதானுங்க."

"அதே சீட்டுல இன்னொருத்தனும் துண்டு போட்டிருந்தா?"

சரியான கேள்வி. நான் போனதே அதற்காகத்தான். இணையப் பெயர்களை உலகம் முழுக்கப் பார்த்துக்கொள்ளும் அமைப்பு ஒன்று இருக்கிறது. அது விண்ணப்பங்களை வாங்கும்போது, ஒரே சொல்லை இரண்டு பேர் கேட்டிருந்தால், அந்தச் சொல்லுக்கு உரிய மக்கள் யாரை ஆதரிக்கிறார்கள் என்று பார்க்கும். ஆதரவு தெளிவாக இருந்தால் அவர்களுக்கே கொடுத்துவிடும். இல்லாவிட்டால் ஏலம். ஏலம் என்று வந்துவிட்டால், சென்னையில் ஒரு மாடி அறையில் இயங்கும் எங்கள் தொண்டு நிறுவனம் ஓரமாக நின்று வேடிக்கைதான் பார்க்க வேண்டும். ஆகவே எங்களுக்குச் சந்தைக்காரர்களின் ஆதரவுக் கடிதம் வேண்டும். மாவட்டத்திலுள்ள வாரச்சந்தைகள் எல்லாம் சேர்ந்த கூட்டமைப்புக்கும் இந்தப் புளிக்காரரே தலைவர் என்பதால், அவர் கையெழுத்து எங்களுக்குப் பொன்.

கடிதத்தை நீட்டினேன். வாங்கி, கையெழுத்துப் போட்டு, ஊதா மையில் முத்திரையும் குத்திக் கொடுத்தார்.

"படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க."

"நீங்க படிச்ச புள்ள. தப்பாவா எழுதியிருப்பீங்க?"

மனசு நெகிழ்ந்துபோனது. தர்மபுரி வந்து பஸ் மாறி மொரப்பூர் வந்து சேரும்வரை, இந்தக் காலத்திலும் இப்படி ஒரு மனிதரா என்று வியந்துகொண்டே வந்தேன். என்னை மாதிரி ஒரு மடச்சி அன்றைக்கு அந்த பஸ்ஸில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

ஒரு கடிதத்துக்கு ஏன் இப்படி அலைந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இந்த வேலைக்கு முன்னால் ஆறு வருடம் பெங்களூரில் வேலை பார்த்தேன். திங்கட்கிழமை விடிவதற்குள் மொரப்பூரில் ரயில் ஏறுவேன், சனிக்கிழமை திரும்புவேன். கணவருக்கு இங்கே உரக்கடை, அவரால் நகர முடியாது. மகளை அவர்தான் வளர்த்தார். ஒரு சனிக்கிழமை அவளுக்குத் தலை பின்னிவிடச் சீப்பை எடுத்தேன். "வேணாம்மா, அப்பா பின்னிடுவாரு. நீ டயர்டா இருப்ப, படுத்துக்கோ" என்றாள். எட்டு வயது. வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கவனிப்பதுபோல என்னைக் கவனிக்கப் பழகியிருந்தாள். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அந்த மாதமே இந்த வேலையைத் தேடிப் பிடித்தேன். வீட்டிலிருந்தே பார்க்கலாம், சுற்றுவட்டாரச் சந்தைகளுக்குப் போய்வர வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஒரு வருட ஒப்பந்தம். 'சந்தை' எங்களுக்குக் கிடைத்தால் வேலை நிரந்தரம். கிடைக்காவிட்டால் எனக்குத் திரும்பவும் திங்கட்கிழமை ரயில். மகளுக்கு இப்போது ஒன்பது வயது. தினமும் காலையில் நான்தான் பின்னிவிடுகிறேன். கோணலாகப் பின்னுகிறேன் என்று சண்டை போடுகிறாள். அந்தச் சண்டையை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

விண்ணப்பங்களின் பட்டியல் வெளியானபோது, எங்கள் துண்டுக்கு மேல் இன்னொரு துண்டு கிடந்தது. பெங்களூரில் ஒரு கம்பெனி. அவர்களும் அதே 'சந்தை'யைக் கேட்டிருந்தார்கள். வியாபாரச் சொற்கள் எல்லாவற்றிலும் இப்படித்தான் அடிதடி. ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்கு ஏழெட்டுப் பேர் என்றார்கள். தமிழில் வெறும் இரண்டு பேர் என்று நான் சந்தோஷப்பட்டிருக்கலாம்.

சென்னையிலிருந்து மேலாளர் போன் செய்தார். நல்ல பெண்மணி, சுற்றி வளைக்கத் தெரியாதவர்.

"ரெண்டு வாரம் டைம் இருக்கு. அதுக்குள்ள, போட்டி வேணாம்னா நாம எழுதிக் குடுத்த ரெண்டாவது பேருக்கு மாறிக்கலாம். 'கடை'. அதை யாருமே கேக்கலை. மாறினா பெரிய சிக்கல் இல்லாம வந்துடும்."

"மாறினா என் வேலை, மேடம்?"

"கடைன்னா ஊர் ஊரா போய் சந்தைக்காரங்களைச் சேர்க்கற வேலையே இல்லம்மா. எல்லாம் இங்கயே முடிஞ்சுடும். அதனாலதான் உன்கிட்ட கேக்கறேன். காரிமங்கலம் லெட்டர் உறுதிதானே? உறுதின்னா நின்னு மோதிப் பாக்கலாம்."

"கல்லு மாதிரி உறுதி, மேடம்" என்றேன்.

எதிராளி கொடுத்த தாள்களை எல்லாம் வாசித்துக் குறிப்பெடுக்கும் வேலையும் என்னுடையதுதான். அன்று மதியம் சாப்பிட்டுவிட்டு வாசிக்க உட்கார்ந்தேன். அவர்களுடைய ஆதரவுக் கடிதங்களைத் தள்ளிக்கொண்டே வந்தபோது, ஊதா மை முத்திரை ஒன்று வந்தது. வலப்பக்கம் சாய்ந்த கையெழுத்து. மாவட்ட வாரச்சந்தைக் கூட்டமைப்பின் தலைவர், முழு மனதோடு, அந்தக் கம்பெனியை ஆதரிக்கிறாராம். தேதி என்னுடையதற்கு எட்டு நாள் முந்தியது.

வாய்க்கு வந்தபடி திட்டினேன். கணவர் கடையிலிருந்து எட்டிப் பார்த்து, யார் போனில் என்று சைகையில் கேட்டார். போனில் யாருமில்லை.

இதை உடனே மேலாளரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் 'கடை'க்கு மாறிவிடுவார். அதற்குப் பதிலாகக் கம்ப்யூட்டரைத் திறந்து இன்னொரு கடிதம் அடித்தேன். முன்பு அந்தக் கம்பெனிக்குக் கொடுத்த ஆதரவு தவறுதலாகக் கொடுக்கப்பட்டது, அதை இதன்மூலம் திரும்பப் பெறுகிறேன். கீழே அவர் பெயர், கையெழுத்துக்கு இடம். நீட்டினால் போட்டுவிடுவார் என்று எனக்குத் தெரியும். அந்த மனிதரின் குறையே அதுதான், இப்போது அந்தக் குறைதான் எனக்கு வேண்டியிருந்தது.

அடுத்த சந்தை நாளில் காலையிலேயே குடோனுக்குப் போனேன். உள்ளே புளி மூட்டைமேல் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும், மடியில் தோல் பை. தலைவர் முகமெல்லாம் சிரிப்பாக, "வாங்க, வாங்க! ரெண்டு பேரும் ஒரே வேலையா வந்திருக்கீங்க, பேசிக்கிட்டிருங்க" என்று அறிமுகப்படுத்தி வைத்தார். தர்மபுரியில் ஜெராக்ஸ், பிரிண்டிங் கடை வைத்திருக்கும் பாய். பெங்களூர் கம்பெனிக்காக இந்தப் பக்கம் கடிதம் வாங்கித் தருவது அவர்தான்.

நான் அவர் பையைப் பார்த்தேன். அவர் என் பையைப் பார்த்தார். அவருடைய பையிலிருந்து எட்டிப் பார்த்த தாளில் 'திரும்பப் பெறுகிறேன்' என்ற சொல் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"தலைவரே," என்றேன், "ஒரே விஷயத்துக்கு ரெண்டு பேருக்கும் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே, இது நியாயமா?"

அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. "எதுக்குங்க இல்லன்னு சொல்லோணும்? ரெண்டு பேரும் தேடி வந்து கேட்டீங்க. எலக்சன் வந்தா ஓட்டு கேட்டு வர்ற அத்தன பேத்துக்கும் சரின்னுதான் சொல்லறோம். பொண்ணு கேட்டு வர்றவங்களுக்கு மொகத்துக்கு நேரா இல்லன்னா சொல்லறோம்? ஜாதகம் பாத்துட்டுச் சொல்லறோம்னுதான் சொல்லறோம். ரெண்டு பேத்துக்கும் கெடக்கட்டுமே."

"ஒருத்தருக்குத்தான் கெடைக்கும்."

"அப்படிங்களா?" அவர் பாயைப் பார்த்தார். பாய் தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றார். தலைவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். "சரி, இப்ப ரெண்டு பேரும் ஏதோ பேப்பர் கொண்டாந்திருக்கீங்க போல. குடுங்க, ரெண்டுலயும் போட்டுடறேன்."

பாய் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தாட்சண்யம் தனநாசம் என்பார்கள். இங்கே நாசமாகப் போவது என் வீடு. கோபத்தில் எழுந்துவிட்டேன்.

"போடாதீங்க! எம் பையிலயும் அதே மாதிரி பேப்பர்தான் இருக்குது, அவரு பையிலயும் அதேதான் இருக்குது. நீங்க ரெண்டுலயும் போடுவீங்கன்னு தெரிஞ்சுதான் ரெண்டு பேரும் வந்திருக்கிறோம். நாளைக்குப் பேரு குடுக்கறவங்க யாராச்சும் போன் பண்ணி எது உண்மைன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க? எல்லாத்துக்கும் போடற கையெழுத்த எவன் மதிப்பான்?"

குடோனில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். தலைவரின் முகம் சுருங்கிப்போனது. என் வயதுக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது, அதுவும் அவர் இடத்தில். ஆனாலும் என் பையிலிருந்த தாளை எடுத்து நாலாகக் கிழித்தேன். பாய் தன் தாளைக் கிழிக்கவில்லை, பையை மட்டும் மூடிக்கொண்டார்.

"கமிட்டிய கூட்டறேன்" என்றார் தலைவர், மெதுவாக. "எடத் தகராறுக்கு எப்படிக் கூட்டறோமோ, அப்படியே."

சந்தையில் ஒரே இடத்துக்கு இரண்டு பேர் வந்தால் கமிட்டிக்காரர்கள் ஐந்து பேர் எடை போடும் கொட்டகையில் உட்கார்ந்து முடிவு செய்வார்கள். நானும் பாயும் ஒருவர் பின் ஒருவராக உள்ளே போய், எங்கள் பக்கம் என்ன செய்யப்போகிறது என்று சொன்னோம். பாயின் கம்பெனி முதல் வருடம் இலவசமாகக் கொடுத்து, அப்புறம் வருடாவருடம் வாடகை வாங்கும். எங்கள் நிறுவனம் சந்தைக்காரர்களுக்குச் சும்மாவே தரும், ஆனால் எத்தனை காலத்துக்கு என்று எனக்கே தெரியாது. தெரியாது என்றே சொன்னேன். பிறகு வெளியே அனுப்பிவிட்டார்கள்.

பச்சைமிளகாய் விற்கும் அக்கா ஒருவரின் கூடைகளுக்குப் பக்கத்தில் போய் நின்றோம். முடிவை எப்படிச் சொல்வார்கள் என்று அவரிடம் கேட்டேன்.

"வாயத் தொறந்து சொல்ல மாட்டாங்க கண்ணு. உள்ளேருந்து டீ வரும். யாருக்கு மொதல்ல டீ வருதோ, அவங்களுக்கு எடம் இல்லன்னு அர்த்தம்."

"இல்லாதவங்களுக்கு டீயா?"

"பின்ன? கெடைச்சவங்களுக்கு எதுக்கு டீ? அவங்களுக்குத்தான் எடம் கெடைச்சுடுச்சே."

இதைக் கேட்டபிறகு டீ என்ற சொல்லே எனக்குப் பிடிக்காமல் போனது. பாய், "இது போச்சுன்னா உங்களுக்கு என்னக்கா ஆவும்?" என்று கேட்டார். "மறுபடியும் பெங்களூருதான். பொண்ண விட்டுட்டு" என்றேன். அவருக்கு இது மேல்வருமானம், பிரிண்டிங் கடை எங்கேயும் போகாது. அதற்காக அவரை வெறுக்கலாமா என்று யோசித்துப் பார்த்தேன், முடியவில்லை. மிளகாய் அக்கா மட்டும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எழுந்து கொட்டகைப் பக்கம் போய்விட்டு வந்தார்.

தலைவரே வந்தார். கையில் தட்டு. தட்டில் இரண்டு கிளாஸ்.

நானும் பாயும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒரே நேரத்தில் கையை நீட்டி எடுத்தோம். சர்க்கரை தூக்கலாக இருந்தது.

"குடுத்த லெட்டர ரெண்டு பேருகிட்டேருந்தும் வாங்கிக்கறோமுங்க" என்றார். இதைச் சொல்லும்போது அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, ஆனால் சொன்னார். "கமிட்டியில கேட்டேன். நான் போட்டது யாருக்குமே தெரியாது, யாரையும் கேட்டுப் போடல. தப்பு எம்மேலதான். கூட்டமைப்பு யாரு பக்கமும் இல்லன்னு நானே எழுதி அனுப்பிடறேன்."

"நாங்க இப்ப வெலகிட்டா அந்தப் பேரு பாயோட கம்பெனிக்குத்தான் போகும், பரவாயில்லீங்களா?" என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்காது.

"போவட்டுங்க. பேரு எங்க போனாலும் சந்தை இங்கதான் கூடும்."

அங்கேயே நின்று மேலாளருக்குப் போன் செய்தேன். இரண்டு கடிதம் இருந்ததையும், அதை நான் பார்த்தும் சொல்லாமல் மறைத்ததையும், இன்றைக்கு இரண்டுமே இல்லாமல் போனதையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் திட்டினார். நியாயமான திட்டு. "கல்லுன்னியேம்மா" என்றார். பிறகு, "சரி. கடைக்கு மாத்திடறேன். உன் ஒப்பந்தம் முடியற வரைக்கும் இரு" என்று வைத்துவிட்டார். போனைப் பையில் போட்டுக்கொண்டு, மகளிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேட ஆரம்பித்தேன்.

தலைவர் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். "கடைன்னு என்னமோ சொன்னீங்களே போன்ல. அது என்னங்க?"

சொன்னேன். அதை வேறு யாரும் கேட்கவில்லை என்பதையும், அதற்கு ஆதரவுக் கடிதம் இல்லாமலே சமாளித்துவிடலாம் என்பதையும் சொன்னேன். அவர் என்னை மறுபடியும் கொட்டகைக்குள் கூட்டிப்போனார். சந்தை கலையும்வரை உட்கார வைத்தார்கள். ஐந்து பேரும் மாறி மாறிக் கேள்வி கேட்டார்கள். பேர் எழுதினால் போனில் எப்படித் தெரியும், பொருள் படத்தை யார் ஏற்றுவது, தேங்காய் வியாபாரிக்கு எழுதப்படிக்கத் தெரியாதே அவருக்கு யார் செய்து தருவது, வேறு யாராவது என் பேரில் கடை போட்டால் எங்கே போய்ச் சொல்வது. சிலதற்கு எனக்குப் பதில் தெரிந்தது. தெரியாததைத் தெரியாது என்றேன்.

அடுத்த வாரம் நான் போனபோது கடிதம் தயாராக இருந்தது. இந்த முறை நான் எழுதவில்லை, அவர்களே எழுதியிருந்தார்கள். 'கடை' என்ற பெயருக்கு ஆதரவு, ஐந்து கையெழுத்து. கடைசியில் மட்டும் ஒரு நிபந்தனை: பெயர் பதிந்து கொடுக்கவும், தப்பு நடந்தால் கேட்கவும், இந்த வட்டாரத்து ஆள் ஒருவர் ஒவ்வொரு சந்தைக்கும் நேரில் வந்து உட்கார வேண்டும். அப்படி ஆள் இல்லாவிட்டால் இந்த ஆதரவு செல்லாது.

மிளகாய் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு முகம் சூடானது. "தலைவரே, எம் பொண்ணு கதையைக் கேட்டுட்டு, பாவம் பாத்து இத எழுதினீங்களா? அப்படின்னா அந்த வரிய அடிச்சுடுங்க. மறுபடியும் தாட்சண்யத்துக்குக் கையெழுத்து வேணாம்."

அடிக்கமாட்டேன் என்று தலையாட்டினார்.

"இல்லீங்க" என்றார், என் முகத்தை நேராகப் பார்த்து. "உங்களுக்காக எழுதலீங்க. எங்களுக்கு வேணும்."

கடிதத்தைப் படம் பிடித்துச் சென்னைக்கு அனுப்பினேன். பஸ் தர்மபுரி வருவதற்குள் மேலாளர் அழைத்துவிட்டார். கடைசி வரியை வாய்விட்டு வாசித்தார், இரண்டு முறை. பேர் சும்மாவே வந்தாலும் அதை எடுத்துக்கொள்ளச் சந்தைக்காரர்கள் வேண்டுமே, ஆள் இல்லாமல் இதை நடத்த முடியாது போலிருக்கிறதே என்றார், புதிய ஒப்பந்தம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன் என்றார். பஸ் இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை என்று பொய் சொல்லி, இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.